திரள் பாடிய பாட்டு: ஃபிரெட்டி மெர்க்குரியும் அரங்கக் கூட்டுப்பாடல் வழக்கமும்

மேடையில் நிற்கும் ஒருவர் ஓர் அடியைப் பாட, எதிரே நிற்கும் பல்லாயிரம் பேர் அதை ஏற்று அதே சுருதியில் திருப்பிப் பாடும் வழக்கம் இன்று உலகின் பெரிய இசை நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் காணப்படுவதால், ராக் இசை பிறந்த நாளிலிருந்தே அது உடன் இருந்துவந்ததாக எண்ணத் தோன்றும். ஆனால் விளையாட்டு அரங்குகளில் நிகழும் ராக் கச்சேரியில் அவ்வழக்கம் வேரூன்றியது 1970-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் ரசிகர்கள் அலறினார்கள், ஆடினார்கள், அல்லது தரையில் அமர்ந்து கண்மூடிக் கேட்டார்கள். ஒரு முழுப் பாட்டையும் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு பாடியது அரிது. இந்த மாற்றத்தில் பலருக்குப் பங்குண்டு என்றாலும், பிரிட்டனின் குயீன் குழுவில் பாடிய ஃபிரெட்டி மெர்க்குரியின் (1946–1991) பங்கே தலையாயது. அவருடைய குரல் எட்டிய எல்லைகளையும் உடையின் பகட்டையும் விவரிக்கும் எழுத்துக்கள் ஏராளமாக உள்ளன. அந்த விவரிப்புகளின் அடியில், கூட்டத்தைப் பாடவைக்கும் கலையை அவர் எவ்வாறு கற்று வளர்த்தார் என்ற செய்தி புதைந்து கிடக்கிறது. தம் குரலுக்கு நிகராக எதிரே நின்றவர்களின் குரலையும் ஒரு வாத்தியமாகக் கொண்டு அதை வாசிக்கத் தெரிந்தவர் அவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அந்தக் கலைக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் முன்பாட்டு–பின்பாட்டு மரபு. அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் வயல்களில் வேலையின் தாளத்திற்கு ஏற்ப ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்ந்து பாடினார்கள்; எழுத்தறிவு மறுக்கப்பட்ட அவர்களின் தேவாலயங்களில் போதகர் ஓர் அடியைச் சொல்ல, சபையார் அதை நீட்டி இசைத்துத் திருப்பினார்கள். இம்மரபு இருபதாம் நூற்றாண்டில் கேளிக்கை மேடைக்கும் வந்து சேர்ந்தது. 1931-இல் வெளியான ஒரு பாடலில், பொருளற்ற அசைகளைப் பாடி அவையினரைத் திருப்பிப் பாடச் செய்து, பின்னர் அவர்களால் பிடிக்க முடியாத அளவுக்கு அவ்வசைகளைச் சிக்கலாக்கிக் கொண்டுபோய்ச் சிரிக்கவைத்த நியூயார்க் கலைஞர் கேப் காலோவே, அரை நூற்றாண்டுக்குப் பின் மெர்க்குரி செய்யவிருந்ததற்கு முன்னோடி. ரே சார்ல்ஸ் 1959-இல் வெளியிட்ட பாடலொன்றில் பின்பாட்டுப் பெண்களோடு நடத்திய உரையாடலும் அதே தேவாலயத்தின் வழி வந்ததுதான்.

மற்றொரு மூலம் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களுடையது. மியூசிக் ஹால் எனப்பட்ட கேளிக்கைக் கூடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மதுக்கடைகளின் பக்கவாட்டில் தோன்றி, லண்டனின் லாம்பெத் பகுதியில் 1852-இல் திறக்கப்பட்ட கேன்டர்பரி ஹால் போன்ற தனிக் கட்டடங்களாக வளர்ந்தன. அங்கே பாடகர் கதையைப் பாடுவார். பல்லவி வரும்போது அது அவையினருக்கு உரியது. அக்கூடங்கள் மறையத் தொடங்கிய காலத்தில் அந்தப் பழக்கம் கால்பந்துத் திடல்களின் படிக்கட்டுகளில் தஞ்சம் புகுந்தது. இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்திற்கு முன் ஒரு மாலை நேரத் துதிப்பாடலைக் கூட்டம் முழுவதும் பாடும் வழக்கம் 1927-இல் தொடங்கியது. 1945-ஆம் ஆண்டின் அமெரிக்க இசைநாடகம் ஒன்றிற்காக எழுதப்பட்டு, 1963-இல் லிவர்பூல் குழுவொன்று மறுபடியும் பதிவுசெய்து வெளியிட்ட ஒரு பாடல், அந்நகரத்துக் கால்பந்து ரசிகர்களால் தங்கள் கீதமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. தேவாலயமும் மதுக்கூடமும் கால்பந்துத் திடலும் கூட்டுக்குரலைக் காத்துவந்த இக்காலத்தில், இளைஞர்களின் புதிய இசையான ராக் மட்டும் அதிலிருந்து விலகியே நின்றது.

அந்த விலகலுக்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். பீட்டில்ஸ் குழு 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,600 பேர் முன்னிலையில் பாடியபோது, அவர்களின் கித்தார்களுக்கு 100 வாட் அளவுள்ள பெருக்கிகளே இருந்தன. குரல்கள் ஆட்ட அறிவிப்புக்கென்று அமைக்கப்பட்ட அரங்க ஒலிபெருக்கிகள் வழியே சென்றன. ரசிகைகளின் அலறலில் எல்லாம் அடங்கிப்போயின. மேடையில் இருந்தவர்களுக்குத் தங்கள் பாட்டே கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அவர்கள் கட்டணக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். பாடகரின் குரல் தெளிவாகச் சென்று சேராத இடத்தில் கூட்டத்தால் அலற முடியுமே தவிர, பாட முடியாது. 1967-இல் வின்ட்சர் நகர விழாவில் சார்லி வாட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கைவினைஞர் 1,000 வாட் ஒலியமைப்பை நிறுவியதும், அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் திறந்தவெளி ஒலியமைப்புகள் பன்மடங்கு பெருகியதும் மெர்க்குரிக்கு முன்னரே இடப்பட்ட அடித்தளம். பல்லாயிரம் பேருக்கும் ஒரே சுருதி கேட்கும் நிலை வந்த பிறகே அவர்களை ஒரே குரலாக்கும் கலை பிறக்க முடிந்தது.

மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. அவர் 1946 செப்டம்பர் 5 அன்று, அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சான்சிபார் தீவில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பார்சிகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து குஜராத் கடற்கரைக்கு வந்து குடியேறிய சரத்துஸ்திர சமயத்தினர். புல்சார் எனப்பட்ட இன்றைய வல்சாடு ஊரின் பெயரே அக்குடும்பத்தின் பெயராயிற்று. தந்தை போமி, தீவின் ஆங்கிலேய நிர்வாகத்தில் காசாளராகப் பணியாற்றினார். எட்டு வயதில் ஃபரோக், மகாராஷ்டிர மாநிலத்தின் மலைநகரமான பஞ்ச்கனியில் ஆங்கிலப் பள்ளி மரபில் நடந்த செயின்ட் பீட்டர்ஸ் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஃபிரெட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கேதான். பியானோ கற்றதும், பள்ளியின் பாடகர் குழுவில் சேர்ந்து பாடியதும், பன்னிரண்டு வயதில் நண்பர்களோடு தி ஹெக்டிக்ஸ் என்ற இசைக்குழுவை அமைத்ததும் அங்கேதான். லிட்டில் ரிச்சர்டு, கிளிஃப் ரிச்சர்டு ஆகியோரின் பாடல்களை வாசித்த அக்குழுவில் அவர் முன்பாட்டுக்காரர் அல்லர். பியானோ வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். பலர் சேர்ந்து பாடும்போது ஒரு குரல் எங்கே நிற்க வேண்டும் என்ற பாடத்தை அவர் சிறுவயதிலேயே கற்றுவிட்டார் என்று கொள்ளலாம். பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் அடுக்கிய குரல்களில் அந்தப் பயிற்சி தெரிகிறது.

1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்துச் சுல்தானின் ஆட்சி கவிழ்ந்தது. உயிருக்கு அஞ்சி வெளியேறியவர்களோடு புல்சாரா குடும்பமும் லண்டனின் மேற்குப் புறநகரான ஃபெல்தமுக்கு வந்து சேர்ந்தது. ஃபரோக் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969-இல் தகுதிச் சான்று பெற்றார்; கென்சிங்டன் அங்காடியில் பழைய உடைகளும் ஓவியங்களும் விற்றார்; சில சிறு குழுக்களில் பாடினார். வானியற்பியல் மாணவரான பிரையன் மேயும், பல்மருத்துவம் படிக்க வந்து அதைக் கைவிட்ட ராஜர் டெய்லரும் நடத்திவந்த ஸ்மைல் என்ற குழு 1970-இல் கலைந்தபோது அவர்களோடு இணைந்து குயீன் என்ற பெயரை அவரே இட்டார். தம் குடும்பப் பெயரையும் மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். மின்னணுவியல் மாணவர் ஜான் டீக்கன் 1971-இல் சேர்ந்ததும் குழு நிறைவுற்றது. நால்வரின் பிறப்பு ராசிகளைக் குறிக்கும் இரண்டு சிங்கங்கள், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள் ஆகியவற்றின் மேல் ஃபீனிக்ஸ் பறவை சிறகு விரிக்கும் குழுவின் சின்னத்தை வரைந்தவரும் அவரே. மேடைக்கு வருவதற்கு முன்பே, தூரத்தில் நிற்பவன் கண்ணுக்கு ஒரு வடிவம் எப்படித் தெரியும் என்று சிந்திக்கப் பழகிய வரைகலைஞர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் பழக்கத்தின் மிகச் சிறந்த சான்று அவருடைய ஒலிவாங்கித் தண்டு. தொடக்க காலக் கச்சேரி ஒன்றில், கனத்த அடித்தட்டோடு கூடிய தண்டு நடுவில் கழன்றுபோக, மேற்பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் பாடி முடித்தார். அன்று நேர்ந்ததை அதன்பின் வாழ்நாள் முழுவதும் தம் அடையாளமாகவே வைத்துக்கொண்டார். தரையோடு பிணைக்கப்படாத அந்தக் குறுந்தண்டைக் கித்தாராக மார்போடு அணைத்தார், துடுப்பைப்போல் வலித்தார், செங்கோலைப்போல் உயர்த்தினார். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு மேடையிலுள்ள மனிதன் ஒரு விரலளவே தெரிவான். முகபாவம் அங்கே எட்டாது. கையோடு சேர்ந்து நீண்ட அந்தத் தண்டு அவருடைய உடலின் கோட்டை இரு மடங்காக்கிக் காட்டியது. அதைக் கூட்டத்தை நோக்கி நீட்டினால் பாடு என்று பொருள். தம் பக்கம் இழுத்துக்கொண்டால் கேள் என்று பொருள். ஸான்ட்ரா ரோட்ஸ் 1974-இல் வடித்துக்கொடுத்த, மடிப்பு மடிப்பாகச் சிறகுபோல் விரியும் வெள்ளை மேலாடையும், டயானா மோஸ்லி 1986-இல் தைத்துத்தந்த மஞ்சள் நிறக் குறுஞ்சட்டையும் அதே கணக்கில் பிறந்தவை. பகட்டு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இவற்றைத் தொலைவைக் கடப்பதற்கான கருவிகள் என்று சொல்வதே பொருந்தும்.

குரலைப் பொறுத்தவரை நான்கு ஸ்தாயி எட்டியவர் என்ற புகழுரை அடிக்கடி காணப்படுகிறது. ஆஸ்திரியா, செக் குடியரசு, சுவீடன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அதைவிடச் சுவையான உண்மைகளைத் தருகிறது. அவர் பேட்டிகளில் பேசிய குரலின் சுருதி, நொடிக்கு ஏறத்தாழ 117 அதிர்வுகள் என்று அளக்கப்பட்டது. இது நடுத்தர ஆண்குரலுக்கு உரியது, பாடலில் அவர் சஞ்சரித்த உச்சக் குரலுக்கு உரியதன்று. நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது குரல் மெல்ல மேலும் கீழும் அசைவதை மேனாட்டார் வைப்ராட்டோ என்பர். அவருடைய அசைவு நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறை, வழக்கமான பாடகர்களைக் காட்டிலும் விரைவானது, சீரற்றதும்கூட. அவருடைய கரகரப்பு எவ்வாறு உண்டாகியிருக்கும் என்று அறிய, அவரைப் போலப் பாடக்கூடிய ஒரு ராக் பாடகரின் தொண்டைக்குள் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுக்கும் கருவியைச் செலுத்திப் பார்த்தபோது, பேச்சில் பயன்படாத பொய்க் குரல்நாண் மடிப்புகளும் உண்மைக் குரல்நாண்களோடு சேர்ந்து அதிர்வது தெரிந்தது. தம் பல்வரிசை துருத்தியிருந்ததைக் குறித்துக் கூச்சம் இருந்தபோதும், வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடக்கூடும் என்று அஞ்சி அவர் அதைச் சீர்செய்துகொள்ளவில்லை. இத்தனை நுட்பமான கருவியை ஆண்டுக்குப் பல பத்துக் கச்சேரிகளில் உழைக்கவைத்தவர், மேடையில் அதைச் சிக்கனமாகவே செலவிட்டார்; ஒலித்தட்டில் உச்சியில் பாடிய அடிகளைக் கச்சேரியில் பெரும்பாலும் கீழே இறக்கிப் பாடினார். மேல் சுரங்களை டெய்லர் பிடித்தார், பல சமயம் கூட்டம் பிடித்தது.

ஒலிப்பதிவுக் கூடத்திலோ எந்தச் சிக்கனமும் கிடையாது. 1975-இல் வெளியான ‘பொஹீமியன் ராப்சடி’, 5 நிமிடம் 55 விநாடி ஓடும் பாடல். மெல்லிய கதைப்பாட்டு, ஆபெரா எனப்படும் மேனாட்டு இசைநாடகத்தின் பாணியிலமைந்த நடுப்பகுதி, உரத்த ராக் என்று பகுதிக்குப் பகுதி உருமாறும் அதற்குப் பல்லவியே இல்லை. நடுப்பகுதிக்காக மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் பாடியதன்மேல் மறுபடி பாடி, அதன்மேல் மறுபடி பாடி, 24 தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் குரல்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். அதே நாடா திரும்பத் திரும்ப ஓடி மேற்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியும் நிலைக்கு வந்துவிட்டது. பாடல் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ‘சம்படி டு லவ்’ பாடலில் அதே மூன்று குரல்கள் அடுக்கடுக்காகப் பெருகி, ஆப்பிரிக்க அமெரிக்கத் தேவாலயத்தின் முழுப் பாடகர் குழுவாக ஒலித்தன. மெர்க்குரி பெரிதும் போற்றிய அரீதா ஃபிராங்க்ளினின் மரபுக்கு அது ஒரு காணிக்கை. இந்தப் பாடல்களில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது: நூறு குரல்களாகக் கேட்கும் ஒன்றை நால்வர் மேடையில் எப்படிப் பாடுவது? ‘பொஹீமியன் ராப்சடி’யின் நடுப்பகுதி வந்ததும் குயீன் குழுவினர் மேடையைவிட்டு இறங்கிப்போவார்கள், ஒளிவிளக்குகள் சுழல, ஒலிநாடா மட்டும் ஓடும், ராக் பகுதி வெடிக்கும்போது மீண்டும் தோன்றுவார்கள். போலியாக வாயசைப்பதைவிட வெறும் மேடையைக் காட்டுவது நேர்மையானது என்று அவர்கள் முடிவு செய்தது போற்றத்தக்கது.

1976 செப்டம்பர் 18 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த இலவசக் கச்சேரிக்கு ஒன்றரை இலட்சம் அளவில் கூட்டம் திரண்டது. குறித்த நேரம் கடந்துவிட்டதால் காவல்துறையினர் மறுபாடலுக்கு இடம் தரவில்லை. ஆனால் கூட்டத்தோடு குழுவுக்கு இருந்த உறவில் திருப்பம் வந்தது அதற்கடுத்த ஆண்டு மே மாதத்தில், ஸ்டாஃபோர்டு மாவட்டக் கண்காட்சித் திடலிலுள்ள பிங்லி கூடத்தில். குயீன் கச்சேரிகளில் ரசிகர்கள் பாடல்களை உடன் பாடத் தொடங்கியிருந்தார்கள்; வாசிப்பைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்த குழுவினருக்கு அது முதலில் உவப்பாக இல்லை. அன்று அவர்கள் மேடையை விட்டுச் சென்ற பின்னரும் கூட்டம் கலையாமல் நின்று, லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் அந்தக் கீதத்தைப் பாடியது. அதைக் கேட்ட மேயும் மெர்க்குரியும், கூட்டம் பாடுவதைத் தடுப்பதற்கு மாறாக அதற்கென்றே பாட்டுக் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். ராக் இசையின் வரலாற்றில் ஒரு குழு தன் ரசிகர்களிடம் தோற்றுப்போய், அந்தத் தோல்வியை இவ்வளவு பெரிய வெற்றியாக மாற்றிக்கொண்ட தருணம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அவ்வாறு பிறந்த இரண்டு பாடல்களும் 1977 அக்டோபரில் ஒரே ஒலித்தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன. மே எழுதிய ‘வீ வில் ராக் யூ’வின் தாளத்தில் இரண்டு முறை காலால் மிதித்து ஒருமுறை கைதட்டினால் போதும், நான்காம் எண்ணிக்கை வெறுமையாக நிற்கும். நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவரால் ஆட முடியாது, ஆனால் மிதிக்கவும் தட்டவும் முடியும் என்ற கணக்கு அது. லண்டன் ஹைபரி பகுதியில் பழைய தேவாலயக் கட்டடமொன்றில் இயங்கிய வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடந்த பலகைகளின்மேல் ஏறிக் குழுவினர் மிதித்துத் தட்டி, அதைப் பலமுறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள்; இயற்பியல் படித்த மே, எதிரொலிபோல் கேட்காமல் பெருங்கூட்டம்போல் கேட்க வேண்டும் என்பதற்காக, பகா எண்களின் விகிதத்தில் அந்த ஒலிகளைச் சிறிது சிறிது தாமதமாக்கி அடுக்கினார். கித்தார் இறுதியில்தான் நுழைகிறது. அதுவரை தாளமும் குரலும் தவிர எதுவுமில்லை. மெர்க்குரி எழுதிய ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’ வேறு வழியில் செல்கிறது. தனியொருவன் தான் பட்டதைத் தாழ்குரலில் சொல்வதுபோல் தொடங்கி, சுருதி மாறிப் பல்லவிக்குள் ஏறும்போது, தன்மை ஒருமையிலிருந்து பன்மைக்கு மாறுகிறது. நெடிலாக நீளும் சுரங்களும் ஆறு எண்ணிக்கையில் ஊசலாடும் தாளமும் இசைப் பயிற்சி இல்லாதவரையும் அரவணைத்துக்கொள்கின்றன. வெற்றி பெற்ற கால்பந்து அணிகள் இன்றும் அதைப் பாடுவதில் வியப்பில்லை. கால்பந்துத் திடலிலிருந்து கடன் வாங்கியது அங்கேயே திரும்பிச் சென்றிருக்கிறது.

பாட்டைக் கூட்டத்திடம் ஒப்படைப்பதன் எல்லையை மெர்க்குரி கண்டது தென்னமெரிக்காவில். 1975-இல் பியானோவும் யாழும் இசைக்கப் பதிவான ‘லவ் ஆஃப் மை லைஃப்’ என்ற காதற்பாடலை மேடையில் அவரும், பன்னிரண்டு தந்திக் கித்தாருடன் மேயும் மட்டும் அமர்ந்து பாடுவார்கள். 1981 மார்ச்சில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து மொரும்பி அரங்கில் ஒரே இரவில் திரண்ட 1,30,000-க்கும் மேற்பட்டோர், தங்கள் தாய்மொழி போர்த்துகீசியம் என்றபோதும், அதன் ஆங்கிலச் சொற்களை ஒன்றுவிடாமல் பாடினார்கள். மெர்க்குரி பாடுவதை நிறுத்திக் கேட்டார். கையை மட்டும் அசைத்து வேகத்தைக் காத்தார். உரத்த பாட்டைக் கூட்டம் பாடுவது எளிது. மெல்லிசையை, அதுவும் ஒருவன் மற்றொருவரிடம் தனிமையில் சொல்ல வேண்டிய சொற்களை, ஓர் அரங்கமே சொல்லும்படி விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதற்குத் தன்னம்பிக்கை மட்டும் போதாது, தன்னை மறைத்துக்கொள்ளும் மனமும் வேண்டும்.

அதே குழு, அந்தக் கூட்டம் யார் என்ற கேள்வியில் ஒருமுறை தவறியது. நிறவெறி ஆட்சிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவைக் கலைஞர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1984 அக்டோபரில் குயீன் அங்குள்ள சன் சிட்டி கேளிக்கை நகரில் பாடியது. மெர்க்குரியின் தொண்டை கெட்டதால் சில நாள் கச்சேரிகள் நின்றும்போயின. அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்று அவர்கள் சொன்ன விளக்கத்தைப் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் ஏற்காமல் தண்டம் விதித்தது. பெரும்பான்மை மக்களைக் குடியுரிமையின்றி ஒதுக்கிவைத்த நாட்டில், எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு என்ன பொருள் இருக்க முடியும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக இசைக்கலைஞர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் நடத்திய லைவ் எய்டு நிகழ்ச்சி லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடமே. நேரம் முடிவதை அறிவிக்கச் சாலைச் சைகை விளக்குகள் மேடையில் வைக்கப்பட்டிருந்தன. தம் சொந்த ஒளியமைப்பு இல்லை, பகல் வெளிச்சம், திரண்டிருந்த ஏறத்தாழ 72,000 பேரும் குயீனுக்காக வந்தவர்களும் அல்லர். குழுவினர் லண்டன் ஷா நாடக அரங்கில் கடிகாரத்தை முன்னால் வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மாலை 6.41-க்கு மேடைக்கு ஓடிவந்த மெர்க்குரி பியானோவில் அமர்ந்து ‘பொஹீமியன் ராப்சடி’யின் முதற்பகுதியை மட்டும் பாடி, நால்வரால் பாட முடியாத நடுப்பகுதி வருமுன்னரே அதை விட்டுவிட்டு, டெய்லர் எழுதிய ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவினார். அப்பாடலின் காட்சிப்படத்தில், ஃபிரிட்ஸ் லாங் 1927-இல் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ திரைப்படத்தின் தொழிலாளர் திரளை நினைவூட்டும்படி, குழுவின் ரசிகர் மன்றத்தினர் தலைக்குமேல் இருமுறை கைதட்டியிருந்தார்கள். வெம்பிளியில் பல்லவி வந்ததும் அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கைகள் எழுந்து ஒரே கணத்தில் இருமுறை தட்டின, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதன்பின் பாட்டே இல்லாத ஒரு பகுதி வந்தது. பக்கவாத்தியம் எதுவும் இன்றித் தனியே நின்ற மெர்க்குரி, ‘ஏ’, ‘ஓ’ என்ற இரண்டு நெட்டுயிர்களை மட்டும் கொண்டு ஒரு குறுஞ்சுரத்தை எறிந்தார், கூட்டம் திருப்பியது. அடுத்ததைச் சிறிது நீட்டினார்; திரும்பியது. பின்னர் அதில் ஒரு வளைவைச் சேர்த்தார், ஒரு சுரத்தை மூச்சு முட்டும்வரை பிடித்தார், இறங்கி வரும்போது அசைகளை உடைத்துச் சிதறவிட்டார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி கடினம், ஒரு படி மட்டுமே கடினம். ஒரு நல்ல ஆசிரியரின் அளவறிவு அது. சொற்கள் இல்லாததால் மொழி தெரியாதவரும் ஒதுக்கப்படவில்லை. சரியாகத் திருப்பியவர்களைப் பாராட்டும் முகமாகவே ஒவ்வொரு புதுச் சுரமும் வந்தது. ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தப் பயிற்சியில், குயீனைக் கேட்க வராத 72,000 பேர் குயீனின் பின்பாட்டுக்காரர்களாக மாறிவிட்டார்கள். காலோவேயின் வேடிக்கையும் தேவாலயத்தின் முன்பாட்டும் கால்பந்துத் திடலின் முழக்கமும் அங்கே ஒன்றுகூடின என்று சொன்னால் அது மிகையாகாது.

1986 ஜூலை 27 அன்று புடாபெஸ்ட் மக்கள் அரங்கில் அவர் அந்த உறவைத் தலைகீழாக்கினார். பொதுவுடைமை ஆட்சியில் இருந்த ஹங்கேரியின் தலைநகரில் திரண்டவர்களுக்கு அவர்கள் பாட்டையே பாடிக்காட்ட விரும்பி, வசந்தக் காற்றைப் பற்றிய ஹங்கேரிய நாட்டுப்புறப் பாடலொன்றை எடுத்துக்கொண்டார். நாவுக்குப் பழகாத அச்சொற்களை உள்ளங்கையில் மையால் எழுதிவைத்து, இடையிடையே கையைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். குழந்தைப் பருவத்திலிருந்து தாங்கள் அறிந்த பாட்டை அரங்கம் முழுவதும் அவரோடு சேர்ந்து பாடியது. அன்று முன்பாட்டுக்காரர்கள் அவர்கள், அவர் பின்பாட்டு. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று நெப்வர்த் பூங்காவில் நடந்ததே அவர் குயீனோடு செய்த இறுதிக் கச்சேரி.

மேடையில் இத்தனை பேரை ஆட்கொண்டவர், மேடைக்கு வெளியே கூச்ச சுபாவம் கொண்டவர் என்றே அவரை அறிந்தவர்கள் எல்லோரும் பதிவுசெய்திருக்கிறார்கள். பேட்டிகளைத் தவிர்த்தார், கென்சிங்டனில் உயர்ந்த மதில் சூழ்ந்த கார்டன் லாட்ஜ் வீட்டில், பூனைகளோடும் ஜப்பானியக் கலைப்பொருட்களோடும் நெருங்கிய சிலரோடும் வாழ்ந்தார். எய்ட்ஸ் நோய் கண்டறியப்பட்ட பின்னரும் பாடுவதை நிறுத்தவில்லை. சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், நிற்கவே சிரமப்பட்ட நாட்களிலும் குரலைப் பதிந்துவைத்தார். அந்நோய் உள்ளவர்களைச் செய்தித்தாள்கள் வேட்டையாடிய காலம் அது. தம் நோயை அவர் வெளிப்படையாக அறிவித்தது 1991 நவம்பர் 23 அன்று. மறுநாள் இறந்தார், வயது 45. சரத்துஸ்திர குருமார்கள் இறுதிச் சடங்கை நடத்த, உடல் எரியூட்டப்பட்டது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று வெம்பிளியில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் பல பாடகர்கள் அவருடைய இடத்தில் நின்று பாடினார்கள். ஜார்ஜ் மைக்கேல் ‘சம்படி டு லவ்’ பாடியது அவற்றில் மிகச் சிறந்தது. 2012 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில், வெம்பிளியில் 1986-இல் படமாக்கப்பட்ட அவருடைய உருவம் பெருந்திரையில் தோன்றி அதே ‘ஏ’, ‘ஓ’ சுரங்களை எறிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட ஒருவருக்கு அரங்கம் தவறாமல் விடை சொன்னது.

2017 ஜூலை 1 அன்று ஹைட் பூங்காவில் அமெரிக்கக் குழுவான கிரீன் டே மேடையேறும் முன், காத்திருந்த ஏறத்தாழ 65,000 பேருக்காக ஒலிபெருக்கியில் ‘பொஹீமியன் ராப்சடி’ ஒலிக்கவிடப்பட்டது. மேடையில் ஒருவரும் இல்லை. கூட்டம் முதல் அடியிலிருந்தே பாடத் தொடங்கியது. குயீன் குழுவினர் மேடையில் ஒருபோதும் பாடத் துணியாமல் ஒலிநாடாவிடம் விட்டுச்சென்ற அந்த நடுப்பகுதி வந்தபோது யாரும் பின்வாங்கவில்லை. மூன்று பேர் கூடத்தில் அடுக்கிவைத்த குரல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கித்தார் மட்டும் தனியே ஒலித்த இடங்களையும் வாயாலேயே பாடினார்கள்.